ஆக்ஸிஜன் சென்சாரா, அதன் ஒயரா? மாற்றங்கள் செய்த பிக்அப்பில் பழுதைப் பிரித்தறிவது எப்படி

பி0135 என்ற எரர் கோட் வந்துவிட்டால் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சென்சாரின் ஹீட்டருக்குப் போய்வரும் மின்சுற்றில் எதிர்பார்த்தபடி கரண்ட் ஓடவில்லை என்று இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுற்றில் சென்சாரும் இருக்கிறது. கூடவே பியூஸ், ரிலே, இரண்டு மூன்று கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி), சில மீட்டர் ஒயர், இசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எல்லாம் இருக்கின்றன. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டி என்றால் வயதான சென்சாரைச் சந்தேகிப்பது நியாயம். ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) மாற்றி, உயரம் ஏற்றி, கூடுதல் லைட்டும் வின்ச்சும் மாட்டிய பிக்அப் என்றால் சந்தேகம் முதலில் ஒயர் மேல் விழ வேண்டும். யாருடைய கை எங்கே பட்டதோ, பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் என்ஜினுக்கும், நான்கு ஒயர் உள்ள சாதாரண ஜிர்கோனியா சென்சாருக்கும். வைட்பேண்ட் சென்சாருக்கு (பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவையே அளந்து சொல்லும் வகை) சோதனை முறையே வேறு. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

சென்சார் என்ன சொல்கிறது

சென்சாரின் முனையில் விரல் வடிவத்தில் ஒரு செராமிக் துண்டு இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் எக்ஸாஸ்ட் புகை படும். உட்புறத்தில் வெளிக்காற்று இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் அளவில் வித்தியாசம் இருந்தால் அந்தச் செராமிக் தானாகவே சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெட்ரோல் அதிகமாகி, புகையில் ஆக்ஸிஜன் இல்லாமல் போனால் சுமார் 0.9 வோல்ட். பெட்ரோல் குறைந்து ஆக்ஸிஜன் மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட். நடுக்கோடு 0.45 வோல்ட், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கலவை அந்த இடத்தில் வருகிறது.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரைப் பார்த்துத்தான் இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் சூடான என்ஜினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் முன் சென்சாரின் அளவு மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். 10 விநாடிக்குள் எட்டுத் தடவையாவது நடுக்கோட்டைத் தாண்டினால் நல்ல அடையாளம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் அப்படித் துள்ளக் கூடாது. அது 0.6, 0.7 வோல்ட் அருகே பெரிதாக அசையாமல் நிற்கும்.

செராமிக் வேலை செய்ய ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். புகையின் சூடு மட்டும் போதாது என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆகவே நான்கு ஒயரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று சிக்னல் எர்த்துக்கு. ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருந்தால் அவை ஹீட்டர் ஒயர்கள். பாஷ் சென்சார்களில் பொதுவாக இரண்டு வெள்ளை ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டருக்கு, நீலம் சிக்னல், வெள்ளை எர்த். பாஷில் சிக்னலாக இருக்கும் கறுப்பு டென்சோவில் ஹீட்டர் என்பதைக் கவனித்தீர்களா? நிறத்துக்கு நிறம் என்று சேர்த்து முறுக்கிய வண்டிகள் அப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. அதோடு, கப்ளரைத் தாண்டியதும் வண்டிப் பக்கத்து ஒயருக்கு வேறு நிறங்கள் வந்துவிடும். உங்கள் வண்டிக்கான ஒயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த ஒயரையும் வெட்டாதீர்கள்.

ஹீட்டருக்கு இக்னிஷன் ஆனானதும் பியூஸ் வழியாக 12 வோல்ட் வந்துவிடும். மறுமுனையை எர்த்தோடு சேர்த்தும் விலக்கியும் சூட்டைக் கட்டுப்படுத்துவது இசியூவின் வேலை. பெரும்பாலான வண்டிகளில் இதுதான் அமைப்பு.

எந்தச் சென்சார்?

பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். சென்சார் 1 கன்வெர்ட்டருக்கு முன், சென்சார் 2 அதற்குப் பின். இதில் குழப்பம் வி6, வி8 என்ஜின்களில்தான் வருகிறது. ஜிஎம் எல்எஸ் வகை வி8-இல் முதல் சிலிண்டர் இடப் பக்கம். ஃபோர்டின் வி8-களில் வலப் பக்கம். (இடம், வலம் என்பது சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது.) என்ஜினையே மாற்றிப் போட்ட பிக்அப்பில் வண்டியின் பெயரை வைத்துப் பேங்கைத் தீர்மானித்தால் தவறான பக்கத்தில் மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

கோட்களைப் படிக்க ஒரு சின்ன வரைபடம் மனத்தில் இருந்தால் போதும். பேங்க் 1 முன் சென்சாருக்கு பி0130 முதல் பி0135 வரை. அதே பேங்கின் பின் சென்சாருக்கு பி0136 முதல் பி0141 வரை. பேங்க் 2-க்கு முறையே பி0150 முதலும் பி0156 முதலும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாவது கோட் வோல்டேஜ் குறைவு, மூன்றாவது வோல்டேஜ் அதிகம், நான்காவது மந்தமான மாற்றம், ஐந்தாவது அசைவே இல்லை, ஆறாவது ஹீட்டர். ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் ஒயருக்குத் தனியாக பி0030, பி0031, பி0032 என்றும் வரும். இதில் 31 அந்த ஒயரில் வோல்டேஜ் தாழ்ந்து கிடப்பதையும் 32 உயர்ந்து நிற்பதையும் குறிக்கும்.

கோட்டைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். அதோடு சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தை (கோட் வந்த கணத்தில் என்ஜின் இருந்த நிலை) முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே வந்ததா, சூடேறிய பிறகு ஓட்டத்தில் வந்ததா என்பதே பாதி வேலையை முடித்துவிடும். சூடேறிய பிறகோ கரடுமுரடான பாதையில் மட்டுமோ வரும் கோட் பெரும்பாலும் ஒயர்தான்.

ஒயர் கெடுவதற்கு ஐந்து வழிகள்

ஒயர் அறுபடலாம். பாடியில் உரசி எர்த் ஆகலாம். பக்கத்து 12 வோல்ட் ஒயரோடு ஒட்டிக்கொள்ளலாம். அறுபடாமல், துருவேறி, கரண்ட் போக முடியாதபடி இறுகிப்போகலாம். அல்லது ஒயர் எல்லாம் நன்றாகவே இருந்து, தப்பான இடத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் வெவ்வேறு முகம் காட்டும்.

பல இசியூக்கள் சிக்னல் ஒயரில் தாங்களே சுமார் 0.45 வோல்ட்டை மெலிதாக ஏற்றி வைத்திருக்கும். சென்சார் சூடேறி வேலை செய்யத் தொடங்கியதும் அந்த மெலிதான வோல்டேஜை அது அமுக்கிவிடும். ஆகவே சிக்னல் ஒயர் அறுந்திருந்தால் திரையில் 0.45-இல் ஒரு தட்டையான கோடு, பி0134. சிக்னல் ஒயர் எர்த் ஆனால் 0 வோல்ட்டில் படுத்துவிடும், பி0131. அப்போது இசியூ பெட்ரோல் போதவில்லை என்று நம்பி மேலும் மேலும் ஊற்றும். திரையில் லீன் (பெட்ரோல் குறைவு) என்று இருக்க, சைலன்சரில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். காட்டுவதும் வருவதும் நேர் எதிராக இருந்தால் ஒயரைச் சந்தேகியுங்கள்.

12 வோல்ட்டோடு ஒட்டினால் பி0132. இதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது: ஜிர்கோனியா சென்சாரால் தன் பலத்தில் 1 வோல்ட்டைப் பெரிதாகத் தாண்ட முடியாது. ஸ்கேனரில் 1.2, 1.5 என்று நின்றால் அது வெளியிலிருந்து வந்த கரண்ட். கப்ளரில் தண்ணீர் புகுந்து, பக்கத்துப் பின்னிலிருக்கும் ஹீட்டர் வோல்டேஜ் சிக்னல் பின்னுக்குக் கசிந்தாலும் இப்படித்தான் காட்டும்.

எல்லா வண்டியும் 0.45 வைப்பதில்லை. சிலவற்றில் 0 இருக்கும். சில இசியூக்கள் சிக்னல் எர்த்தையே 2.5 வோல்ட் உயர்த்தி வைத்திருக்கும், அப்போது மல்டிமீட்டரில் தெரிவதெல்லாம் அந்த அளவு கூடித் தெரியும். சந்தேகம் இருந்தால் பழுதில்லாத வேறொரு சென்சாரின் கப்ளரைக் கழற்றி அதே இரண்டு பின்னில் அளந்து ஒப்பிடுங்கள். வி என்ஜினில் மறுபக்கத்துப் பேங்கே உங்களுக்கு மாதிரி.

மாற்றங்கள் செய்த வண்டியில் எங்கே தேடுவது

முதலிடம் ஹெடர். நீளமான ஹெடர் போட்டதும் சென்சார் இருக்கும் இடம் 30 முதல் 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் போகிறது. பழைய ஒயர் எட்டாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி மாட்டுவார்கள், அல்லது ஒயரை இழுத்துப் பிடித்து மாட்டிவிடுவார்கள். இழுத்த ஒயர் ஹெடர் குழாயின் மேல் சாயும். வெளியில் பார்த்தால் நெளிவு ஸ்லீவின் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகி, மெழுகு போலப் பளபளக்கும். அதைப் பிளந்தால் உள்ளே நான்கு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரிடத்தில் செம்பு கறுத்துத் தெரியும். கையால் தடவும்போது அந்த இடம் மட்டும் விறைப்பாக இருக்கும். மேலிருந்து டார்ச் அடித்தால் இது தெரியாது. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எக்ஸாஸ்ட் நன்றாக ஆறிய பிறகு கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரை நம்பிவிடாதீர்கள். மலிவானவற்றில் பின் வரிசை மாறியிருப்பது உண்டு. மாட்டுவதற்கு முன் ஒரு முனையின் ஒவ்வொரு பின்னுக்கும் மறுமுனையில் எது என்று மல்டிமீட்டரின் கன்டினியூட்டியில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது உயரம் ஏற்றும் கிட். பாடி லிஃப்ட் போட்டால் கேபின் மேலே போகிறது, என்ஜினும் கியர்பாக்ஸும் சேசிஸோடு கீழேயே நிற்கின்றன. இடையில் ஓடும் ஹார்னெஸும் (ஒயர்க் கட்டு) எர்த் பட்டையும் அத்தனை சென்டிமீட்டர் இழுபடும். கப்ளருக்குப் பின்னால் ஒயர் வீணைத் தந்திபோல விறைத்திருந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பின் பின்னால் நழுவியிருக்க வாய்ப்பு அதிகம். சஸ்பென்ஷன் மட்டும் ஏற்றிய வண்டியில் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும். பின் சென்சாரின் ஒயர் அதில் உரசுகிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் உரசிய ஒயர் கத்தியால் சீவியதுபோல இருக்கும், உருகியதுபோல இருக்காது. கீழே தகட்டுக் கவசம் போட்டிருந்தால் அதன் போல்ட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒயர் நசுங்கியிருக்கலாம்.

கூடுதல் லைட், வின்ச், ஆம்ப்ளிஃபயர் ஆகியவை வேறு விதமாகத் தொல்லை தரும். இக்னிஷனில் மட்டும் உயிர் வரும் ஒயர் ஒன்று தேவைப்பட்டதும், கைக்கு எட்டிய ஒன்றில் கொக்கி போட்டிருப்பார்கள். அது ஹீட்டரின் பியூஸ் லைனாக இருந்தால் பியூஸ் அடிக்கடி போகும். எர்த் விஷயம் இன்னும் நுணுக்கமானது. என்ஜின் எர்த் பட்டையின் முனையில் துருவால் 0.01 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மல்டிமீட்டரால் பிடிக்கவே முடியாத அளவு. அதன் வழியாக 30 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் விழுந்துவிடும். மொத்தமே 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் பேசும் சென்சாருக்கு 0.3 என்பது பெரிய பொய். எக்ஸாஸ்ட் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தும் ஒரு ஒயர், மூன்று ஒயர் சென்சார்களில் இது நேரடியாகப் படும். அப்படிப்பட்ட சென்சாரைச் செராமிக் பூச்சுப் போட்ட ஹெடரில் மாட்டினால் எர்த்தே கிடைக்காமல் போவதும் உண்டு.

ஒயருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இந்த இடத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். ஹெடர் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சார் பொய்யாக லீன் காட்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஹெடர் பக்கம் சத்தம் கேட்டால் ஒயரைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். கன்வெர்ட்டரையே கழற்றிவிட்ட வண்டியில் வரும் பி0420 கோட்டும் (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) அப்படித்தான்; அதற்கும் ஒயருக்கும் தொடர்பில்லை.

சோதனை: ஹீட்டர் பக்கம்

முதலில் எத்தனை ஹீட்டர் கோட் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பி0135, பி0141, பி0155, பி0161 நான்கும் ஒன்றாக வந்தால் நான்கு சென்சாரும் ஒரே நாளில் போயிருக்காது. பல பிக்அப்களில் எல்லா ஹீட்டருக்கும் ஒரே பியூஸ், அல்லது இரண்டுக்கு ஒன்று. பியூஸைப் பாருங்கள். போயிருந்தால் புதிது போட்டு மறந்துவிடாதீர்கள், பெரிய ஆம்பியர் பியூஸை ஒருபோதும் போடாதீர்கள்.

பியூஸ் மறுபடி போனால் அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயரோடு சொருகுங்கள். இக்னிஷனைப் போட்டதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் லைன் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இப்போது சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, கோளாறு அதற்கு அப்பால், அதாவது சென்சாரிலோ எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் எரிந்தால் வண்டிப் பக்கத்து ஹார்னெஸில். மங்கலாக மட்டும் எரிந்தால் பதறாதீர்கள். அதே பியூஸில் வேறு ஏதாவது சாதனம் கரண்ட் இழுக்கலாம்.

பியூஸ் நன்றாக இருந்தால் சென்சாரின் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு ஹீட்டர் பின்களுக்கு நடுவே தடையை அளக்கவும். குளிர்ந்த நிலையில் மாடலைப் பொறுத்து 2 முதல் 20 ஓமுக்குள் வரும். முடிவிலி என்றால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றலாம். ஹீட்டர் பின்னுக்கும் சென்சாரின் உலோக உடலுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. ஓம் அளவை இந்த இரண்டு பின்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிக்னல் பின்னில் ஓம் மீட்டரை வைத்தால் செராமிக்குக்குள் தேவையில்லாத கரண்ட் போகும்.

ஹீட்டர் சரி என்றால் வண்டிப் பக்கத்து ஒயர். இக்னிஷன் ஆன், மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை ஹீட்டர் சப்ளை பின்னில். பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். வந்துவிட்டது, ஒயர் நல்லது என்று இங்கே முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஹீட்டருக்கோ 1, 2 ஆம்பியர் வேண்டும். அதனால் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அதே 21 வாட் பல்பை மாட்டுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்து, எரியும்போதே பின்னில் அளந்த வோல்டேஜ் பேட்டரியைவிட 0.5-க்கு மேல் குறையாமல் இருந்தால் சப்ளை ஒயர் தேறிவிட்டது. 12 காட்டிய இடம் பல்பு மாட்டியதும் 7, 8-க்கு இறங்கினால் துருவேறிய ஜாயின்ட் நடுவில் இருக்கிறது. இந்தப் பல்புச் சோதனை ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதி ஒயரிங் பழுதுகள் பிடிபட்டுவிடும்.

இசியூ கட்டுப்படுத்தும் மறு ஒயருக்கு 21 வாட் வேண்டாம். குளிர்ந்த பல்பு முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், இசியூவின் டிரான்சிஸ்டரைச் சோதிக்கக் கூடாது. 5 வாட் பல்பை இரண்டு ஹீட்டர் பின்களுக்கும் நடுவே மாட்டி என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். எரிந்தாலோ சிமிட்டினாலோ சுற்று முழுமை. எரியாவிட்டால் அந்த ஒயரை இசியூ வரை பின்தொடர வேண்டும். எல்இடி டெஸ்டர் இதற்கு உதவாது. கெட்ட ஒயரிலும் எரிந்து ஏமாற்றும்.

சோதனை: சிக்னல் பக்கம்

முதல் கேள்வி: சென்சாரைக் கழற்றினால் லைவ் டேட்டா மாறுகிறதா? 0-வில் கிடந்த அளவு கழற்றியதும் 0.45-க்கு ஏறினால் ஒயர் நலம். சென்சாரோ உண்மையான லீன் கலவையோ காரணம். கழற்றியும் 0 என்றால், அந்த இசியூ 0.45 வைக்கும் வகையாக இருக்கும் பட்சத்தில், ஒயர் எர்த் ஆகியிருக்கிறது. 1.2-இல் நின்ற அளவு கழற்றியதும் இறங்கினால் சென்சாருக்குள்ளேயே ஹீட்டரிலிருந்து கசிவு, இறங்காவிட்டால் ஹார்னெஸ்.

0.45-இல் தட்டையாக நிற்பதற்கு எதிர்ச் சோதனை வேண்டும். வண்டிப் பக்கத்துக் கப்ளரில் சிக்னல் பின்னையும் சிக்னல் எர்த் பின்னையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். ஸ்கேனரில் 0-வுக்கு விழ வேண்டும். விழுந்தால் இரண்டு ஒயரும் இசியூ வரை உயிரோடு இருக்கின்றன. விழாவிட்டால் சிக்னல் பின்னைப் பேட்டரி நெகட்டிவோடு இணைத்துப் பாருங்கள். இப்போது விழுந்தால் அறுந்தது எர்த் ஒயர். இப்போதும் விழாவிட்டால் சிக்னல் ஒயர். (சிக்னல் எர்த்தை உயர்த்தி வைக்கும் இசியூவில் இந்த இரண்டாவது இணைப்பைச் செய்ய வேண்டாம்.)

மேல் பக்கத்தையும் சோதிக்க ஆசை இருந்தால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியோடு இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாகச் சேர்த்து, நடுப்புள்ளியைச் சிக்னல் பின்னிலும் பேட்டரியின் நெகட்டிவைச் சிக்னல் எர்த்திலும் கொடுங்கள். திரையில் சுமார் 0.75 தெரிய வேண்டும். தெரிந்தால் இசியூவும் ஒயரும் குற்றமற்றவை.

ஒயர் அறுபட்டதாகத் தெரிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியூ கப்ளரையும் கழற்றி, முனைக்கு முனை அளந்து உறுதிசெய்யலாம். 1 ஓமுக்குள் வர வேண்டும். பின்னை அளக்கும்போது மல்டிமீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். அது விரிந்துவிட்டால் இல்லாத லூஸ் கனெக்ஷனை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். கப்ளரின் பின்புறம் ஒயரோடு ஒட்டி மெல்லிய ஊசியை நுழைத்து அளப்பதுதான் நல்ல வழி. ஒயரின் இன்சுலேஷனைக் குத்தாதீர்கள். வண்டிக்குக் கீழே அந்தத் துளை வழியாக ஈரம் ஏறி ஒயர் பச்சை பூத்துவிடும்.

வந்து வந்து போகும் பழுதுக்கு: என்ஜின் ஓடட்டும், லைவ் டேட்டாவை வரைபடமாக வைத்துக்கொண்டு, ஒருவர் ஹார்னெஸைக் கப்ளரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜாணாக அசைக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். கோடு திடீரென்று செங்குத்தாக விழும் அல்லது எழும் இடம்தான் இடம். சூட்டுக் கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

இடம் மாறிய கப்ளர்

ஹெடர் போட்டதும், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியதும், என்ஜின் மாற்றியதும் அதிகமாக நடப்பது இதுதான். இடது முன் சென்சாரின் கப்ளரும் வலது முன் சென்சாரின் கப்ளரும் பல வண்டிகளில் அச்சு அசலாக ஒன்றே. கியர்பாக்ஸ் மேல் பக்கத்தில் இரண்டும் அருகருகே தொங்கும். எக்ஸ்டென்ஷனும் சேர்ந்துவிட்டால் எதையும் எதிலும் மாட்டலாம்.

மாறி மாட்டினால் என்ன ஆகும்? பேங்க் 1-இல் சற்று பெட்ரோல் அதிகம் என்று ஒரு சென்சார் சொல்கிறது. ஆனால் அது உண்மையில் பேங்க் 2-இன் புகையில் இருக்கிறது. இசியூ பேங்க் 1-இல் பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சாரின் பேச்சு மாறவில்லை, ஏனெனில் குறைந்தது வேறு பக்கம். இன்னும் குறைக்கிறது. மறுபக்கம் லீன் ஆகிக்கொண்டே போகும் பேங்க் 1-இன் புகையைப் பார்க்கும் சென்சார் பேங்க் 2-இன் பேரில் புகார் சொல்ல, அங்கே பெட்ரோல் கூடுகிறது. ஒரு பேங்கின் ஃபியூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பிளஸ் 25 சதவீதம் பக்கமும் இன்னொன்று மைனஸ் 25 பக்கமும் ஓடிப்போய் நிற்கும். பி0171-உம் (பேங்க் 1-இல் பெட்ரோல் குறைவு) பி0175-உம் (பேங்க் 2-இல் அதிகம்) ஜோடியாக வரும், அல்லது அதற்கு நேர் எதிராக பி0172-உம் பி0174-உம். சில வண்டிகளின் இசியூ இதைத் தானே உணர்ந்து பி0040 என்றே சொல்லிவிடும்.

வண்டியின் நடத்தையும் தனி ரகம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் அருமையாக ஓடும். ஓரிரு நிமிடத்தில் இசியூ சென்சார்களை நம்பத் தொடங்கியதும் தடுமாறும். இரண்டு முன் கப்ளரையும் கழற்றிவிட்டால் மறுபடி ஒழுங்காகும். புதுச் சென்சார் எத்தனை வாங்கிப் போட்டாலும் தீராது.

உறுதிசெய்வது எளிது. என்ஜின் ஓடும்போது பேங்க் 1 பக்கத்துக் குழாயில் இருக்கும் முன் சென்சாரின் ஒயரைக் கையால் பின்தொடர்ந்து அதன் கப்ளரைக் கழற்றுங்கள். திரையில் பேங்க் 1 சென்சார் 1 தட்டையாக வேண்டும். பேங்க் 2 தட்டையானால் விடை கிடைத்துவிட்டது. முன், பின் மாறியிருந்தால் முன் சென்சார் அசையாமலும் பின் சென்சார் துள்ளிக்கொண்டும் தெரியும். சரிசெய்ததும் கப்ளர்களுக்கு நிற டேப் சுற்றிவையுங்கள். அடுத்து கியர்பாக்ஸ் இறக்குபவர் வாழ்த்துவார்.

ஒயரைச் சரிசெய்வது

வண்டிப் பக்கத்து ஹார்னெஸில் ஒயரை ஒட்டுவதற்கும் சென்சாரோடு பிறந்த ஒயரை ஒட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. பல ஜிர்கோனியா சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. அந்த ஒயரில் ஈயம் வைத்தால் இடுக்கு அடைபடும்; சென்சார் மெல்ல மெல்லத் தப்பான அளவு காட்டும். அந்தக் கப்ளரில் கிரீஸ் அடைப்பதும் அதே விளைவைத் தரும். சென்சாரின் ஒயரே உருகியிருந்தால் சென்சாரை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கட்டாயம் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் ஈயம் வேண்டாம், நல்ல கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) மட்டும்.

ஹார்னெஸ் பக்கத்தில் ஹீட்டருக்கு 0.75 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர், சிக்னலுக்கு 0.5 போதும். சாதாரண பிவிசி ஒயர் அந்தச் சூட்டில் சீக்கிரம் வெடித்துவிடும்; 125 டிகிரி தாங்கும் கிராஸ்லிங்க் இன்சுலேஷன் உள்ளதை வாங்குங்கள். நான்கு ஜாயின்ட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் 3, 4 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வையுங்கள், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றுவது அடுத்த பழுதுக்கு முன்பணம். எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி, இக்னிஷன் ஒயர்களுக்கு விலகி, உலோக கிளிப்பில் பிடித்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை ஹெடர் பக்கத்தில் நிற்காது. அருகில் போகத்தான் வேண்டுமென்றால் மேலே கண்ணாடி இழை ஸ்லீவ். என்ஜின் குலுங்கும் அளவுக்குக் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும், ஆனால் ஷாஃப்ட்டை எட்டும் அளவுக்கு வேண்டாம்.

சென்சாரைத் திருகும்போது கப்ளரைக் கழற்றிவிட்டுத் திருகுங்கள். இல்லையென்றால் நான்கு ஒயரும் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மரை பெரும்பாலும் எம்18, 1.5 பிட்ச், ஸ்பேனர் 22 மில்லிமீட்டர், இறுக்கம் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். புது ஹெடரில் சென்சார் பொருத்தும் இடத்தை நீங்களே வெல்டு செய்வதானால் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே வையுங்கள். குழாயின் அடியில் வைத்தால் குளிரில் தேங்கும் நீர், சூடான செராமிக்கில் பட்டு அதை விரிசலாக்கிவிடும்.

வைட்பேண்ட் இருந்தால்

ஐந்து ஒயர் சென்சார் என்றால் மேலே சொன்ன சிக்னல் சோதனைகள் பொருந்தாது. அதில் வோல்டேஜ் துள்ளாது. அளப்பது உள்ளே இருக்கும் சிறு பம்ப் செல்லின் கரண்ட்டை. ஹீட்டர் ஒயருக்கான பல்பு, பியூஸ் சோதனைகள் மட்டும் அப்படியே செல்லும். பாஷ் எல்எஸ்யு 4.2, 4.9 வகைகளில் கப்ளருக்குள்ளேயே அந்தந்தச் சென்சாருக்கென்று அளவெடுத்த ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். ஒயர் ஐந்து, பின் ஆறு. கப்ளரை வெட்டி வேறொன்றை ஒட்டினால் அந்த அளவு போய்விடும்.

வேலை முடிந்ததும்

கோட்டை அழித்துவிட்டு ஃபியூயல் ட்ரிம்மையும் ஸ்கேனரில் ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய பொய்யை வைத்துக் கற்றுக்கொண்ட அளவோடு இசியூ கொஞ்ச நேரம் தடுமாறும். ஹீட்டர் சோதனையைப் பல வண்டிகள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் நடத்தும். அதனால் உடனே ஓட்டிப் பார்த்து லைட் வரவில்லை என்று திருப்திப்படாமல், இரவு முழுக்க நின்ற வண்டியை மறுநாள் ஸ்டார்ட் செய்து, சீரான வேகத்தில் ஓட்டி, ஸ்கேனரில் ஆக்ஸிஜன் சென்சார், ஹீட்டர் இரண்டு மானிட்டரும் (இசியூ தானே நடத்தும் சோதனைகள்) முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். திரும்பியதும் எக்ஸாஸ்ட் ஆறட்டும். பிறகு ஒருமுறை கீழே படுத்து, நீங்கள் கட்டிய ஒயர் கட்டிய இடத்திலேயே இருக்கிறதா, சூட்டில் ஸ்லீவ் எங்காவது பளபளக்கத் தொடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.